பன்னிரண்டாவது நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தேன். போன் அடித்தது. எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவையின் செயலாளர். (எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். மயிலாப்பூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே கல்லறைத் தோட்டத்தில் இன்னும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது!)

குரலில் அப்படி ஒரு தேன். வருகிற பெரிய வியாழனன்று பாதம் கழுவுவதற்காக உட்காரப்போகும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தியாம். போன மழைக்காலத்தில் காலமான என் அண்ணனின் நினைவாகக் கடைசி நாற்காலியை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்களாம். அதில் அண்ணன் பெயர் போட்ட வெள்ளை ரிப்பன் வேறு கட்டுவார்களாம். என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்... யூடியூப்ல லைவ் போகுது. கேமரா காலுக்கு க்ளோஸ்-அப் வைக்கும். சின்னதா ஒரு பெடிக்யூர் பண்ணிட்டு வந்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

கால் கழுவுகிற இடத்துக்குக் காலைக் கழுவிக்கொண்டு வரவேண்டும். எப்படி இருக்கிறது கதை?

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இயேசு சாவதற்கு முந்தின இரவு தன் சீடர்களின் காலைக் கழுவினார். அந்த நினைவாக, புனித வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் முன்னால் மண்டியிட்டு, அவர்களுடைய வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார்.

எங்கள் பங்கில் அந்தச் சடங்குக்கு வேண்டியதையெல்லாம் வருஷக்கணக்காகச் செய்தவர் என் அண்ணன். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஊருக்கே அவர் 'மாஸ்டர்'தான். நாற்காலி போடுவது, துண்டு மடிப்பது, வயசானவர்களுக்குக் கால் ஜில்லிட்டுப் போகக்கூடாது என்று வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுபோய்க் கலப்பது, எல்லாம் அவர்தான். ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை. விளாவின தண்ணீரோடு தூண் ஓரமாக நிற்பார்.

உட்காரப்போகிறவர்களைத் தேடிப் பிடிப்பதும் அவர் வேலைதான். பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, பவுடர் பூசி, புது சாக்ஸுக்குள் காலைப் பத்திரப்படுத்திக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்தால் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வருஷம் அருள்தாஸைக் கூப்பிட்டார். அருள்தாஸுக்குச் சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை. விடியற்காலைப் பூசைக்கு வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் போய்விடுகிற மனிதர்.

"மாஸ்டரு, என் காலு இன்னா கதியில கீதுன்னு பாத்தியா? இத்தப் போயி சாமியாரு கையில குடுக்கச் சொல்றியே."

அண்ணன் அவர் பாஷையிலேயே பதில் சொன்னார்: "சுத்தமா கீற காலுக்கு எதுக்கு நைனா தண்ணி?"

அருள்தாஸ் உட்கார்ந்தார். தண்ணீர் கறுத்தது, துண்டும் கறுத்தது. முன் வரிசையில் சில மூக்குகள் சுளித்தன. அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மெடல் வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

அப்புறம் என்ன... எல்லோருக்கும் வருகிற சர்க்கரை அண்ணனுக்கும் வந்தது. வலது காலில் புண், ஆறவில்லை. பெருவிரலை எடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயில் வேலை வேறு கைகளுக்குப் போனது. கேமராவும் வந்தது.

போன வருஷம், பெரிய வியாழனுக்கு முன்னால், அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பங்கிடம் ஒன்று கேட்டார். இந்த ஒரு வருஷம் தானும் அந்த நாற்காலியில் உட்காரலாமா என்று.

செயலாளர் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்கிறார்கள், கட்டோடு ஒரு காலைக் காட்டினால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றார். அண்ணன் கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தார்.

"வேணும்னா இடது காலை நீட்டுறேன்ப்பா. அது நல்லாத்தான் இருக்கு."

"எல்லாரும் வலது கால் மாஸ்டர்... வரிசையா தெரியும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"சரி, விடுப்பா" என்றார் அண்ணன். காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த வியாழக்கிழமை அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் பூசை பார்த்தோம். டாக்டர், நகைக்கடை முதலாளி, ஓய்வுபெற்ற அதிகாரி... எல்லாம் பளபளவென்று கால்கள். நடுவில் ஒரு பெரியவர் மட்டும் தண்ணீர் பட்டதும் வெடுக்கென்று காலை இழுத்தார். "பாப்பா, தண்ணி ஜில்லுனு இருக்கு பார். யாரும் வெந்நீர் கலக்கலை" என்றார் அண்ணன். அதற்குமேல் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. பங்கின் தூண் என்றார்கள். ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பெட்டிக்குள் அண்ணன் காலுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டியிருந்தது. செயலாளர் அந்தக் காலைத் தொட்டு, தலையை வைத்து, தேம்பித் தேம்பி அழுதார். போட்டோகிராபரும் பக்கத்திலேயே இருந்தார். இப்போது தொட முடிகிறது, இல்லையா?

நம் ஊரில் ஒரு மனிதரைக் கௌரவிக்க வேண்டுமானால் அவர் முதலில் போட்டோவாக வேண்டும். போட்டோவில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அது எதையும் கேட்காது. மார்போடு முடிந்துவிடும். அதற்குக் கால் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அவரு உட்காரணும்னு கேட்டாரு. ரிப்பன் கேட்கலை பாப்பா" என்றார்.

திங்கட்கிழமை செயலாளரை நானே கூப்பிட்டேன். நாற்காலியை அருள்தாஸுக்குக் கொடுத்துவிடுங்கள், மாஸ்டர் இருந்தால் அதைத்தான் செய்வார், அருள்தாஸிடமும் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்கிறார் என்றேன்.

"அருள்தாஸா... இந்த வருஷம் எல்லாம் ஃபிக்ஸ் ஆயிடுச்சே மேடம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நீங்க வாங்க."

நான் போகவில்லை. என் கால் சுத்தமாகத்தான் இருக்கிறது.