ஊருக்காக அடித்த மொட்டை

இந்த நாட்டில் ஒருவர் மொட்டை அடித்துக்கொண்டு வந்தால் கைதட்டுகிறார்கள். அயர்லாந்தின் தெற்கே ஒரு சின்ன ஊரில், மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. போன மாதம் ஒரு காலையில், என்னோடு ஒரே மேசையில் வேலை செய்யும் ஐலீன் மழுமழுவென்ற தலையோடு உள்ளே நுழைந்தார். ஐம்பதைத் தாண்டியவர், முந்தைய நாள்வரை தோளில் புரளும் செம்பட்டை முடி வைத்திருந்தவர். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. எங்கள் தருமபுரிப் பக்கம் மொட்டைத் தலையில் சந்தனத்தைக் கண்டால் எந்தக் கோயில் என்று கேட்போம். சந்தனம் இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு, வீட்டில் என்ன கெட்டது நடந்ததோ என்று யோசிப்போம். நான் மெதுவாக அருகில் போய், வீட்டில் எல்லோரும் சுகம்தானே என்று கேட்டேன். ஐலீன் கடகடவென்று சிரித்துவிட்டார்.

கேன்சர் வந்த குழந்தைகளுக்காகத் தலையை மழித்துக்கொள்வது இங்கே ஒரு வழக்கமாம். இன்னார் மொட்டை அடிக்கப் போகிறார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்; தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் பணம் போடுகிறார்கள். குழந்தைகளுக்கென்று புது மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு அது போகிறது. ஐலீன் அடித்தது தன் பேரனுக்காக. "வெள்ளிக்கிழமை கேன்டீனில் இன்னும் சிலர் அடிக்கிறார்கள், நீயும் வருகிறாயா?" என்று கேட்டார்.

"நான் ஏற்கெனவே அடித்தாயிற்று. என் அக்கா மகளுக்காக. எங்கள் குடும்பமே அடித்தது" என்றேன்.

ஐலீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு துணிச்சலான குடும்பம்! உங்கள் ஊரே இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்குமே" என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டி வைத்தேன். ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அடித்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அக்காவை அதியமான்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தோம். மித்ரா அவளுடைய மூத்த பெண், ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. காலில் அங்கங்கே நீலம் பாரித்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள் என்று அக்கா தைலம் தேய்த்தாள். கடைசியில் தருமபுரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி பெங்களூருக்கு அனுப்பினார். ரயிலில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கேட்டவர்களுக்கு 'காய்ச்சல்' என்றார்கள். பிறகு முடி கொட்டத் தொடங்கியது. ஒரு வாரத்தில் தலை வெறுமையாகிவிட்டது. இனி எதைச் சொல்லி மறைப்பது?

"பொட்டப் புள்ளைங்க. கேன்சர் வந்த வூடுன்னு பேரு ஆயிருச்சுன்னா இவளயும் யாரும் கட்ட மாட்டாங்க, சின்னவளயும் கட்ட மாட்டாங்க" என்றார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். கெட்டவர் இல்லை. மகள் வாந்தி எடுத்தால் இரண்டு கையையும் நீட்டி ஏந்துகிறவர். குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்று ஊரில் சொன்னவர் அவர்தான். மாமா, அக்கா, கைக்குழந்தையாக இருந்த சின்னவள், அப்போது கல்யாணமாகாத நான் என்று கோயிலில் வரிசையாக உட்கார்ந்து முழு மொட்டை அடித்துக்கொண்டோம். நாவிதரிடம் முன்பே சொல்லிவைத்திருந்ததால், அவர் பிளேடைக் கழற்றிவிட்டு தன் முதுகால் உறவினருக்கு மறைத்து மித்ராவின் தலைத்துண்டை விலக்கி, வெறும் கத்தியை ஓட்டினார். "கூசுது சித்தி" என்று அவள் நெளிந்து நெளிந்து சிரித்தாள். அத்தனை தலைக்கும் சந்தனம் பூசிய பிறகு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உறவெல்லாம் கறி விருந்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போனது.

மறுவருடம் மித்ராவுக்கு முடி வளர்ந்தது, கன்னம் பூசினாற்போல் ஆனது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெரு சரசு, விடாத காய்ச்சலோடு இருந்த தன் மகனை அதே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் காலிலும் நீலம் இருந்ததை அக்கா கண்டுவிட்டாள். ஓடிப்போய், "மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணு சரசு" என்றாள்.

"உங்க புள்ளைக்கு சாமிதானக்கா கொணமாக்கிக் குடுத்துச்சு? எங்களுக்கும் குடுக்கும்ங்க" என்றாள் சரசு.

உண்மையைச் சொன்னால் மித்ராவின் நோய் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அக்கா திரும்பி வந்துவிட்டாள். சரசு வீட்டார் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த வருடம் மித்ராவுக்கு நோய் திரும்பியது. அவள் போனபோதும் ஊருக்குக் காய்ச்சல்தான். இதில் யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் கோபம் இருக்கிறது. பெயரைக்கூடச் சொல்லாத நோய்க்கு எந்த ஊர் பணம் திரட்டும்? எந்தத் தாய் நீலத்தைக் கண்டதும் பயந்து ஓடுவாள்?

வெள்ளிக்கிழமைக்கு முன் ஐலீன் மித்ராவின் படம் ஒன்று கேட்டார், கேன்டீன் சுவரில் மாட்ட. அக்காவிடம் கேட்டேன். "அய்யோ வேணாம்டி! யாராச்சும் வாட்ஸ்அப்புல போட்டா இங்க வந்துரும். சின்னவ இருக்கறா" என்று போனை வைத்துவிட்டாள். மித்ராவின் பெயரைச் சொல்லாமல் இன்னொரு மொட்டை அடிக்க எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை கேன்டீனில் ஓர் ஓரமாக நின்றேன். நாற்காலியில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், கைதட்டினார்கள், அழுதார்கள். அப்போது அக்காவே வீடியோவில் கூப்பிட்டாள். "அந்தச் செவுத்தக் காட்டு" என்றாள்.

சுவர் முழுக்க மொட்டைத் தலைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பச்சச் சட்ட போட்ட புள்ள இருக்குதா?"

ஐலீனிடம் கேட்டுச் சொன்னேன். "இருக்குதாம் அக்கா."

"பக்கத்துல?"

"இல்லையாம்."

"இல்லாத புள்ளயவும் மொட்டத் தலையோடவேவா மாட்டி வெச்சிருக்காங்க?"

"அதுதானக்கா அந்தப் புள்ளையோட மூஞ்சி" என்றேன்.

அக்கா எழுந்து உள் அறைக்குப் போனாள். பிறகு போனைத் தன் வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். மாலை போட்ட சட்டத்துக்குள் மித்ரா. கடைசியாக எடுத்த படத்தை மொட்டைத் தலையோடு மாட்டினால் ஊர் கேட்கும் என்று, ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் இரட்டைச் சடையும் கனகாம்பரமும் ஒட்டிக் கொடுத்திருந்தார்.

"'அக்காவுக்கு எவ்ளோ முடி'ன்னு சின்னவ இதப் பாத்துக் கேக்கறா. அது எம் புள்ள முடியே இல்லடி" என்று உடைந்து அழுதாள் அக்கா.

அழைப்பு அறுந்தது. சற்று நேரத்தில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில், முன்பல் விழுந்த வாய், முடியில்லாத தலை, கொள்ளாத சிரிப்பு. கூடவே அக்காவின் குரல்: "பேரு போடு. ஊரு போடாத. அங்கயாச்சும் எம் புள்ள எம் புள்ளயா இருக்கட்டும்."

ஐலீன் அதை அச்செடுத்து வந்து மாட்டினார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அந்தச் சுவருக்கு எதிரில்தான் உட்காருகிறேன். பெங்களூரைத் தாண்டி எங்கும் போகாத மித்ரா, பெயர் தெரியாதவர்கள் நடுவே தன் முகத்தோடு சிரிக்கிறாள். அதியமான்கோட்டை வீட்டில், அவள் மாலைக்குள், யாருடைய சடையையோ போட்டுக்கொண்டு வேறு யாரோ ஒரு பெண் நிற்கிறாள்.