பாலத்தைத் தாண்டாத கணக்கப்பிள்ளை

பெரகல சந்தியில், வடைக்குச் சம்பல் போதவில்லை என்று நான் கடைக்காரரோடு ஒரு சர்வதேசத் தகராறு நடத்திக்கொண்டிருந்தபோது, என் தங்கை ரோசலின் தொலைபேசியில் அழைத்தாள். வெளியே வண்டியில் என் ஒலிபெருக்கிகள் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போகக் காத்திருந்தன. அவள் அழவில்லை.

"அண்ணே, அவரு போயிட்டாரு. நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு. டீவி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அந்தப் புள்ள 'ஹரி அப், ஹரி அப்'னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. இத எப்படிண்ணே நிப்பாட்டுறது?"

என் மச்சான் இன்னாசிமுத்து, தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முடி நரைக்கும்வரை கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், காலமான செய்தி எனக்கு இவ்விதம் வந்தது. அவர் ஒரு விளையாட்டைப் பாதியில் விட்டுப் போனார். பாதி என்பதும் பிழை. முடிவுக்கு ஒரே ஒரு பாலம் மிச்சம்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வரப்போகும் இந்த மலரில், அவருடைய நேர்மையைப் பற்றியும் கோயில் காரியங்களில் அவர் காட்டிய சிரத்தையைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். எழுதட்டும், எல்லாம் உண்மை. நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவன். மெல்லப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அந்தத் தொலைக்காட்சிப் பிசாசு அவரை என்ன செய்தது என்பதை நாலு மலைக்கும் கேட்கும்படி சொல்வதுதான் என்னால் முடிந்த அஞ்சலி.

பிசாசை அனுப்பியவன் அவர்களுடைய மகன் அந்தோனி. கட்டாரில் வேலை. வாழ்நாள் முழுவதும் சரிவுகளில் ஏறி இறங்கிய அப்பாவின் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன, வீட்டுக்குள் சும்மா இருந்தால் அம்மாவை அதிகாரம் பண்ணியே கொன்றுவிடுவார் என்று பயந்து, ஊருக்கு வந்த நண்பன் கையில் அந்த விளையாட்டு இயந்திரத்தைக் கொடுத்துவிட்டான். ஒரு முழு நாட்டைத் தொலைக்காட்சிக்குள் அடைத்து, எங்கு வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆளை அவிழ்த்துவிடும் விளையாட்டு அது.

கதை மிகச் சுருக்கம். ஒரு வீரன் இருக்கிறான். ஓர் அரக்க மன்னன் இருக்கிறான். மன்னன் ஒரு பெண்ணின் தம்பியைக் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறான், விடிந்தால் தலையை வெட்டுவான். அந்தப் பெண் லாந்தரோடு பாலத்தடியில் நின்று, சீக்கிரம் வா என்று வீரனைக் கூப்பிடுகிறாள். அவளுடைய பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையாததால் ரோசலின் அவளுக்குப் பிலோமினா என்று பெயர் வைத்தாள். இன்னாசிமுத்து ஒரு மாதத்திலேயே பாலத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்டார். வேறு எவனாக இருந்தாலும் அன்று பின்னேரமே பாலத்தைத் தாண்டி, அரக்கனை வெட்டி, சோறு தின்றுவிட்டுப் படுத்திருப்பான்.

இவர் வரைபடத்தை விரித்தார். அம்மை வார்த்த முகம்போல அது முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோ ஒரு வேலை. நான் அன்று பக்கத்தில் இருந்தேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கல்யாணப் படத்தில்கூட நான் கண்டதில்லை.

"மச்சான், இது லேசுப்பட்ட தோட்டமில்ல. டிவிஷன் டிவிஷனா பிரிச்சு வச்சிருக்கான் பாருங்க."

அவர் செய்த தவறு எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு எவருக்கும் வராது. அந்த நாட்டில் வழியெல்லாம் ஒரு மஞ்சள் பூச்செடி. பறித்தால் மருந்து செய்யலாம். பறித்த சில நாளில் மறுபடியும் பூத்துவிடும். மற்றவர்கள் தேவைக்கு நாலு பூவைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். இவரோ தேயிலையில் வளர்ந்த மனிதர். தேயிலை மலையில் கொழுந்து சுற்று என்று ஒன்று உண்டு. இன்று பறித்த மலைக்கு ஒரு வாரத்தில் திரும்ப வரவேண்டும். வராவிட்டால் கொழுந்து முற்றிவிடும், செடி கெட்டுவிடும், தோட்டத்துரையின் வாய் வசவில் நாறிவிடும். பெண்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டு போக, விட்டுப்போன கொழுந்து உண்டா என்று பின்னாலேயே பார்த்துக்கொண்டு நடப்பதுதான் கணக்கப்பிள்ளையாக அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை. "விட்ட கொழுந்து அடுத்த சுத்துல முத்தி நின்னு நம்மளப் பார்த்துச் சிரிக்கும்" என்பார். அது அவருடைய வேதம்.

ஆகவே அந்த நாடு முழுவதையும் அவர் சுற்றுப் போட்டுப் பறிக்கத் தொடங்கினார். வடக்கே பறித்துவிட்டுத் தெற்கே வந்தால் வடக்கில் பூத்துவிடும். திரும்ப வடக்கே ஓடுவார். அரக்கன் கையால் சாகவேண்டிய மக்கள் எல்லாம் சொந்தமாகவே வயதாகிச் செத்திருப்பார்கள். அவர் பறித்த பூவைக் குவித்திருந்தால் நமுனுகுலை மலைக்கு அது நிழல் கொடுத்திருக்கும். மூட்டை கனத்து, இதற்கு மேல் சுமக்க முடியாது என்று இயந்திரமே கெஞ்சியது. ஒரு பூவையும் கீழே போடமாட்டேன் என்றார். உலகத்தை மீட்க வந்த வீரன் கொழுந்துச் சாக்கு தூக்கியவன்போலத் தள்ளாடித் தள்ளாடி நடந்தான்.

விஷயம் கேள்விப்பட்டு அந்தோனி கட்டாரிலிருந்து பேசினான். தொலைபேசியை எல்லாரும் கேட்கும்படி மேசையில் வைத்திருந்தார்கள்.

"அப்பா, அதெல்லாம் ஆப்ஷனல்ப்பா."

"அப்படின்னா?"

"செய்யாட்டியும் பரவாயில்ல."

இன்னாசிமுத்து, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தவனைப் பார்ப்பதுபோலத் தொலைபேசியையே பார்த்தார். பிறகு கேட்டார்: "செய்யாட்டியும் பரவாயில்லன்னு ஒரு வேலைய எவன்டா வைப்பான்?"

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மகன் தொலைபேசியை வைத்துவிட்டான். வைத்தவன் எவன் என்பது எனக்குத் தெரியும். எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, அளந்த கதையை நீட்டுவதற்காக, தெருவுக்குத் தெரு ஒரு ஆட்டைத் தொலைத்து வைக்கும் பாவிகள். ஊவா மாகாணம் முழுவதிலும் உள்ள ஆடுகளைவிட அந்த நாட்டில் தொலைந்த ஆடுகள் அதிகம். ஒரு கிழவனுடைய ஆட்டைத் தேடிக் கொடுத்தால் அரை ரொட்டி தருவான். அடுத்த ஊரில் அதே முகத்தோடு இன்னொரு கிழவன், இன்னொரு ஆடு, இன்னொரு அரை ரொட்டி. ஒரே கொள்ளைக்காரக் கூடாரத்தை இடம் மாற்றி மாற்றி நட்டு வைத்திருக்கிறார்கள். பாறை இடுக்கிலெல்லாம் இறகு ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், பொறுக்குவதற்கு. சோம்பேறியை இந்த வலை பிடிக்காது, அவன் தாண்டிப் போய்விடுவான். ஒரு வேலையைக் கண்ணால் கண்டால் விட்டுப் போகமுடியாத மனிதனை மட்டும் தேடிப் பிடித்து, அவன் பொறுப்பைப் பால்போலக் கறக்கும் வலை அது. மூட்டைப்பூச்சிக்குக்கூட இதைவிட மானம் உண்டு, வயிறு நிறைந்தால் இறங்கிவிடும்.

அவருக்கு அது இன்பமாக இருந்ததென்று எவரும் நினைக்கவேண்டாம். முதல் வருஷத்தோடு இன்பம் போயிற்று. ஒருநாள் எத்தனையாவதோ ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சலிச்சுப்போச்சு மச்சான்."

"அப்ப அந்தப் பாலத்தத் தாண்டித் தொலைங்க. ஒருத்தன் கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிறான் அங்க."

"சலிச்சா வேல முடிஞ்சதுன்னு அர்த்தமா?" என்றார், ஆட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தக் கூத்தில் நிஜமாகவே எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் ரோசலின்தான். பின்னேரங்களில் அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டுப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டு அவளும் பார்ப்பாள். அவளுக்குப் பூவும் வேண்டாம், ஆடும் வேண்டாம். கோபுரத்தில் இருக்கிற பையன் வெளியே வந்து அக்காளைப் பார்ப்பதை ஒருமுறை காணவேண்டும், அவ்வளவுதான்.

"ஏங்க, அந்தப் புள்ளைக்குக் கால் வலிக்காதா? எவ்வளவு நேரமா லாந்தரோட நிக்கிது."

"அது பொம்மை, ரோசி."

"பொம்மைன்னா நீங்க எதுக்கு நிரை பாத்துக்கிட்டுத் திரியிறீங்க? தாண்டுங்க."

"மேப்புல ஒரு கேள்விக்குறி இல்லாம ஆக்கிட்டு, உன்னய உக்கார வச்சுக்கிட்டே தாண்டுறேன். சத்தியம்."

அவள் அந்தச் சத்தியத்தை நம்பினாள். மாலை ஜெபமாலையில், இறந்த ஆன்மாக்களுக்கும் கட்டாரில் இருக்கும் மகனுக்கும் நடுவில், கோபுரத்துப் பையனுக்கும் ஒரு மன்றாட்டு சேர்ந்துகொண்டது. நான் சிரித்தேன். "சிரிங்கண்ணே. உங்க லவுட்ஸ்பீக்கருக்கா ஜெபம் பண்ணச் சொல்றீங்க?" என்றாள்.

இதயம் பலவீனம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு நான் அவரிடம் நேராகவே பேசினேன். "மச்சான், நீங்க முடியுறதுக்கு முந்தி கதைய முடிங்க. ரோசிக்காகவாவது." இதைவிடப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்பார்கள். என் தொழிலில் ஒலியைக் குறைக்கிற குமிழ் முதலில் கெட்டுப்போகும்.

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. வீரனைப் பாலத்தடிக்கு நடத்திக்கொண்டு போனார். பிலோமினாவைக் கடந்து முதல் பலகையில் கால் வைத்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதை எனக்குப் படித்துக் காட்டினார்: "'தாண்டினா இந்தப் பக்கம் திரும்பி வரமுடியாது. மிச்ச வேலை எல்லாத்தையும் முடிச்சிட்டியா?' பாருங்க, அவனே கேக்குறான் மச்சான்."

"கேட்டா ஆமான்னு அமுக்குங்க."

"முடிக்கலியே. எப்படி ஆமாங்கிறது?"

வீரனைத் திருப்பிக்கொண்டு பூப்பறிக்கப் போய்விட்டார். பொய் சொல்ல அவருக்கு வராது. ஓர் இயந்திரத்திடம்கூட வராது. இறந்த அன்றும் பாலத்துக்குப் பக்கத்துச் சரிவில்தான் நின்றிருக்கிறார், பிலோமினாவின் குரல் எட்டும் தூரத்தில்.

அடக்கத்துக்கு வந்த அந்தோனி இயந்திரத்தைப் பெட்டியில் போடப் போனான். ரோசலின் தடுத்தாள்.

"மொதல்ல அந்தப் பையன வெளிய எடு. பொறகு எங்க வேணுமின்னாலும் கொண்டுபோ."

"நீங்க பிடிங்க மாமா. நான் தாண்டினா அப்பா கல்லறையிலருந்து எந்திரிச்சு வந்து அடிப்பாரு" என்றான் அந்தோனி. ஆக, பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உலகத்தை மீட்கும் பொறுப்பு பதுளை ஒலிபெருக்கிக்காரன் தலையில் விழுந்தது.

விளையாட்டை இயக்கும் கைப்பிடியை வாங்கினேன். இடது கட்டைவிரல் படும் ரப்பர் எலும்பு தெரியத் தேய்ந்திருந்தது. நேராகத் தள்ளினால் வீரன் தானாக இடதுபக்கம், சரிவில் இருந்த பூவைப் பார்த்து இழுத்தான். அவனைத் தரதரவென்று பாலத்துக்கு இழுத்து வந்தேன். எச்சரிக்கை வந்தது. நான் தங்கையைப் பார்த்தேன்.

"ஆமான்னு அமுக்குங்கண்ணே" என்றாள்.

அமுக்கினேன். தாண்டினேன். அரக்க மன்னன் சிம்மாசனத்திலிருந்து எழுந்து தன் வம்சப் பெருமையைப் பேசத் தொடங்கினான். நான் ஒரு வெட்டு வெட்டினேன். செத்துப்போனான். வசனம்கூட முடியவில்லை. ஆடு தேடியும் பூப் பறித்தும் இன்னாசிமுத்து அந்த வீரனுக்கு அப்படி ஒரு வலுவை ஏற்றி வைத்திருந்தார். அவர் என்றைக்கோ தும்மியிருந்தாலே அரக்கன் செத்திருப்பான்.

பையன் வெளியே வந்தான். அக்காளைக் கட்டிக்கொண்டான். இரண்டு வார்த்தை பேசினான்.

"இவ்வளவுதானா?" என்றாள் ரோசலின். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு, விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடின. எங்கள் மாகாணத்து வாக்காளர் பெயர் இடாப்பு அதைவிடச் சின்னது. அதுவும் முடிந்து திரை இருண்டது. நான் கைப்பிடியை வைக்கப் போனேன். திரை வெளுத்தது. வீரன் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கோபுரத்தில் பையன் பழையபடி அடைபட்டிருந்தான். பிலோமினா லாந்தரைத் தூக்கி, சீக்கிரம் வா என்றாள். மிச்ச வேலைகள் இன்னும் இருக்கின்றன, தொடர்ந்து செய்யலாம் என்று கீழே ஒரு வரி.

திரும்பி வரமுடியாது என்று எழுதியது பச்சைப் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் ஒரு நேர்மையான மனிதர் தாண்டாமலே இருந்தார். என் வாயில் வந்த வார்த்தைகளை இந்த மலரில் அச்சிட முடியாது. பங்குத்தந்தையும் இதைப் படிப்பார்.

ரோசலின் திரையில் நின்ற வீரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் மட்டும் திரும்பி வந்துட்டான்" என்றாள். அந்தோனி எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கொஞ்சம் கழித்து அவளே, "அணைச்சிடுங்கண்ணே. அந்தப் புள்ளையும் உக்காரட்டும்" என்றாள்.

இயந்திரத்தை அந்தோனி கொண்டுபோய்விட்டான். கைப்பிடியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடையில் என் மேசைமேல் கிடக்கிறது. அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சும்மா இருக்கும்போது அதைக் கையில் எடுத்து, தேய்ந்த இடத்தில் விரலை வைப்பேன். விரல் தானாக இடதுபக்கம் சாயும். செய்யாட்டியும் பரவாயில்லன்னு ஒரு வேலைய எவன் வைப்பான் என்ற அவருடைய கேள்வியையும் அதோடு வைத்திருக்கிறேன்.

இந்த அஞ்சலியும் செய்யாவிட்டாலும் பரவாயில்லாத வேலைதான். என்னை எவரும் கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டேன், மச்சான். எங்காவது ஒரு கொழுந்தை விட்டிருந்தால், அது முற்றி நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.