தகரம் என்று கூப்பிட்டார்கள்

எங்கள் மொட்டை மாடியில் வாய் கட்டிய சாக்கு ஒன்று கிடக்கிறது. அதற்குள் ஒரு பெயின்ட் பிரஷ், என் மாவுச் சல்லடை, அகலமான எவர்சில்வர் தட்டு, இட்லித் துணி, தாளிக்கிற கரண்டி. யாரும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். துணி காயப்போடப் போகும்போது, படுத்திருக்கும் நாயைச் சுற்றிப் போவதுபோல அதைச் சுற்றிப் போகிறேன்.

ஒன்பதாவது படிக்கும் என் மகன் சேர்த்த சாமான்கள் அவை. செல்போனில் எவனோ போட்ட வீடியோவைப் பார்த்திருக்கிறான். பஜாரில் நகைக்கடை வாசல் மண்ணைக் கூட்டி அள்ளி வந்து அலசியிருக்கிறான். இறந்துபோன என் மாமனாருக்கு பிரஷர் பார்த்த பழைய கருவியில் பாதரசம் இருந்தது. நான் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதையெல்லாம் அடுப்பில் ஏற்றிவிட்டான். முதலில் இருமல். மறுநாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்த என் தம்பி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டான்: "ஏலே மாப்ள, தங்கம் கெடச்சுச்சால?"

"தெரியல மாமா. அதுக்குள்ள இருமல் வந்துருச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கில் இருக்கும் அந்தச் சாமான்களை வேறு உருவத்தில் நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

கரிசலில் தங்கம் கிடையாது. சில வருடங்கள் தண்ணீரே கிடையாது. ஆனாலும் என் சின்ன வயதில் அருப்புக்கோட்டையில் தங்கம் தேடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆறு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் நகை செய்யும் ஆசாரிமார் பட்டறைகளை ஒட்டி ஓடிய சாக்கடை. அரம் தேய்க்கும்போது பறக்கிற தூள், கை கழுவுகிற தண்ணீர், கூட்டித் தள்ளுகிற குப்பை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மல்லாங்கிணறு பக்கமிருந்து சிமென்ட் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சீனி என்பவரும் அவர் பெண்டாட்டி குருவம்மாவும் பஸ்ஸில் வருவார்கள். சாக்குக்குள் கட்டையாக நறுக்கிய ஈச்சமார் விளக்குமாறு, கல் இடுக்கைச் சுரண்ட வளைத்த கம்பி, உடைந்த ரேடியோவில் கழற்றிய காந்தம். காந்தம் இரும்புத் தூளைப் பிரித்தெடுக்க. வேலை முடிந்ததும் சீனி அதை, ஒட்டிய தூளோடு என் மூக்குக்குக் கீழே பிடித்து, "பாப்பாவுக்கு மீச மொளச்சிருச்சுடோய்" என்பார்.

முக்கியமான சாமான் மரவை. ஒரே மரத்தில் குடைந்த அகலச் சட்டி. குருவம்மா அதை முழங்காலில் முட்டுக்கொடுத்து, தண்ணீர் விட்டு, மாவு சலிப்பதுபோல ஆட்டி ஆட்டிச் சுழற்றுவாள். சேறு விளிம்பேறி வழியும். கனமானது அடியில் தங்கும். தங்குவதால்தான் தங்கம் என்று பெயர் வந்ததோ என்னவோ. இலக்கணம் படித்தவர்கள் என்னை அடிக்க வரலாம்.

ஆனால் அரிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் நழுவி ஓடிவிடுமாம். "அது" என்றுதான் சொல்வார்கள்.

"அது கெடக்கா?"

"கெடக்கு, கெடக்கு. வாய மூடும்."

இதில் சிக்கல் என்னவென்றால், என் அம்மா என்னைக் கூப்பிடுவது தங்கம் என்றுதான். கூப்பிடுவது என்றால் பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும். ஒருநாள் பின்வாசலில் நின்று, "ஏ தங்கம், சாப்பிட வாடி!" என்றாள். குருவம்மா கையில் மரவை சரிந்தது. அவ்வளவு நேரம் அரித்தது சாக்கடையோடு போயிற்று.

"ஏக்கா, ஒங்க பிள்ளைக்கு வேற பேரே கெடைக்கலையா? நீங்க கூப்பிடுறப்பல்லாம் கை ஒதறுது!"

"எம்பிள்ளைய நான் வேற என்னன்னுடி கூப்பிட?"

சீனி நிமிராமல் சொன்னார்: "தகரம்னு கூப்பிடுங்க."

அவர் கிண்டலுக்குச் சொன்னார். அம்மா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். அவர்கள் வருகிற நாட்களில் நான் தகரம். பிறகு தெருவுக்கே தகரம். பள்ளிக்கூடத்துக்கும் அது எப்படியோ என் பின்னாலேயே வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் காதுக்கும் எட்டி, இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால், "தகரம் சத்தம் போடுது" என்பார்.

பெயரை மாற்றியும் மரவை சரிந்தது. ஒருவரும் வாய் திறக்காதபோதும் சரிந்தது. குருவம்மா சுற்றுமுற்றும் பார்ப்பாள். ஒருமுறை அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்துக் கேட்டாள்: "மனசுக்குள்ள நெனச்சீகளாக்கா?"

அரித்து முடித்ததும், "ரசம் ஊத்தணும்" என்பாள். மிளகு ரசம் என்று நினைத்துக்கொண்டு நான் முதல் தடவை பக்கத்திலேயே நின்றேன். பாதரசத்தைத்தான் அவர்கள் ரசம் என்றார்கள். அடி மண்டியில் அதை ஊற்றி வெறுங்கையால் பிசைவாள். துணியில் வைத்துப் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மணி மிஞ்சும். அதை இரும்புக் கரண்டியில் வைத்து, எங்கள் வீட்டுக் கொல்லை அடுப்பில் காட்டி, குனிந்து ஊதுவாள். மிளகாய் வறுத்தால் தெருவே தும்மும். இதற்கு ஒரு நெடியும் கிடையாது. சாம்பல் மணி மெல்ல மஞ்சளாவதைப் பார்க்க நாங்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

போகப்போக, குருவம்மா சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் கண்ணாடி வளையல்கள் கிலுகிலுவென்றன. தெருவில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். கொஞ்ச நாள் சீனி தனியாக வந்தார். அப்புறம் அவரும் வரவில்லை.

மதுரையில் டாக்டர் என் மகனிடம், "ரெண்டு கையையும் நீட்டு தம்பி, வெரல விரி" என்றார். விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இது எதுக்கு டாக்டர்?"

"பாதரசம் ஒடம்புல ஏறியிருந்தா கை நடுங்கும்மா."

காகிதம் அசையவில்லை. அதை எடுத்து டாக்டரிடம் கொடுத்த என் கைதான் நடுங்கியது. டாக்டர் என் கணவரைப் பார்த்து, "இவங்களும் சேந்து காய்ச்சுனாங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர், என்னைத் தேற்றுவதற்காகத்தான் கேட்டார். பையனுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சிலருக்குப் பிறகுதான் தெரியவரும், கவனித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அப்படியானால் குருவம்மாவின் கையைத் தட்டிவிட்டது அந்தப் பெயர் இல்லை. என் அம்மா என்னைத் தங்கம் என்றே கூப்பிட்டிருக்கலாம்.

அந்தச் சாக்கடையை இப்போது சிமென்ட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். நகைகள் வெளியூரிலிருந்து செய்தே வந்துவிடுகின்றன; பட்டறைகள் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

காலையில் மகனுக்குக் காப்பி ஆற்றுகிறேன். முன்பெல்லாம் முக்கால் டம்ளர்தான் ஊற்றுவேன். இப்போது விளிம்புவரை நிரப்புகிறேன்.

"ஏம்மா இப்பிடித் தளும்பத் தளும்ப ஊத்துற?" என்கிறான்.

"வளர்ற பிள்ள, குடி" என்கிறேன்.

தூக்கக் கலக்கத்தோடு, ஒரு பக்கத் தலைமுடி நட்டுக்கொண்டு, கன்னத்தில் தலையணை மடிப்போடு அவன் எழுந்து உட்கார்ந்திருப்பான். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் எத்தனையோ வருடம் காப்பியை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போதும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். டம்ளரை வாங்கும் அவன் விரல்களைத்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை.