அலுமாரிக்குப் பின்னால் இருந்த வெடிப்பு

எங்கள் அக்கா கண் மூடி இன்றோடு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில், கூடப் பிறந்தவள் நான்தான் எழுத வேண்டுமென்று அக்காவின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். எனக்கும் எழுபத்தொன்பது வயது. கை நடுங்குவதால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பிழை இருந்தால் அது என்னுடையது.

அக்கா பிறந்தது திருகோணமலை நகரில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டில். அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. அப்பா துறைமுகத்தில் இருந்த நேவி யாட்டில், கடற்படைப் பட்டறையில், தச்சு வேலை செய்தார். விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். பள்ளிக்கூடத்தை விட்டுக் குசினிக்குள் நுழைந்த அக்கா, அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. என்னை மட்டும் பள்ளிக்கூடத்தை விட விடவில்லை.

அக்காவுக்கு ஒரு குணம். ஏதாவது வழமைக்கு மாறாக இருந்தால் ஏனென்று அறியாமல் விட மாட்டார். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவதோடு நிற்காமல், அச்சு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கழற்றிப் பார்ப்பார். "பொம்பிளைப் பிள்ளைக்கு உதெல்லாம் ஏன்?" என்று அப்பா கேட்டால் சிரித்துவிட்டு, தேய்ந்த பக்கத்தைத் திருப்பி மாட்டுவார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது எங்கள் ஊரின் முகமே மாறியது. துறைமுகம் நிறையக் கப்பல், தெரு நிறைய லொறி. சீமெந்தும் இரும்பும் முழுக்கத் துறைமுக வேலைக்கே போனதால் கடைகளில் ஒரு பை சீமெந்து கிடையாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றுக் காணியிலும் லொறிகள் நிறுத்தும் காம்ப் ஒன்று வந்தது. அதற்காக அந்தக் காணியை இரண்டடி உயரத்துக்கு மண் போட்டு மேடாக்கினார்கள். அங்கிருந்த பழைய வாய்க்கால் மண்ணுக்குள் மறைந்துபோனது. அதை அப்போது நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் ஜப்பான்காரரின் விமானங்கள் வந்து குண்டு போட்டன. அக்காவும் நானும் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தோம். மத்தியானம் அப்பா உடம்பெல்லாம் கரியோடு உயிருடன் வந்து சேர்ந்தபோது அக்கா அழவில்லை. முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகுதான் அழுதார். அன்றே சனத்தோடு சனமாக வடக்கே சல்லிக் கிராமத்துக்கு நடந்தோம். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வளவில் இரண்டு மாதம் இருந்தோம். அந்த வீட்டுக்கார அம்மாவை மாமி என்று கூப்பிட்டோம். அவருடைய மூத்த மகன் அப்போது நிலாவெளிப் பக்கம் வாடியில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்ததால் அவரை நாங்கள் காணவில்லை. ஆனால் மாமி அக்காவைக் கவனித்திருக்கிறார். நாங்கள் வீடு திரும்பும்போது, "மூத்தவனுக்குப் பொம்பிளை கேட்டு ஆவணியில வீடு பார்க்க வாறம்" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

வீடு நின்றது. பக்கத்தில் எங்கும் குண்டு விழவில்லை. ஆனால் பின் அறையின் மூலைச் சுவரில் ஒரு வெடிப்பு, கூரையடியில் விரல் நுழையும் அகலத்தில் தொடங்கிச் சரிவாக இறங்கி, நிலத்தடியில் நூல் அளவாய் முடிந்தது.

"குண்டு அதிர்ச்சி. எத்தனை வீடு இடிஞ்சு கிடக்கு, எங்களுக்கு இவ்வளவோட போச்சு" என்றார் அப்பா. சுண்ணாம்புச் சாந்து குழைத்துப் பூசினார். ஆனியில் பெய்த ஒரு மழைக்குப் பிறகு பூசிய இடம் அதே கோட்டில் பிளந்தது.

அக்கா கஞ்சியால் மூன்று தாள் துண்டுகளை வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டினார். "சுவர் அசையாட்டி தாள் கிழியாது" என்று எனக்குச் சொன்னார். அடுத்த மழை முடிந்த மறுநாள் மேல் தாள் கிழிந்திருந்தது. இரண்டு நாளில் நடுத் தாளும் கிழிந்தது. அக்கா ஒரு தேசிக்காயை, எலுமிச்சங்காயைத்தான், எடுத்து அறையின் நடுவில் வைத்தார். அது மெல்ல உருண்டு அந்த மூலைக்கே போய் நின்றது.

அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும் அக்கா கதையைத் தொடங்கினார்.

"அப்பா, இது குண்டால வந்ததில்லை. மூலை கீழ இறங்குது."

"உனக்கு ஆர் சொன்னது?"

"பின் அறைக் கதவு மாசியில இறுகினது. நீங்கள்தானே சீவினனீங்கள். குண்டு விழுந்தது அதுக்குப் பிறகு."

அப்பா எழுந்து போய் அந்தக் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். தச்சர் அல்லவா, தான் சீவிய கதவை மறக்க முடியாது. மரம் ஈரத்தில் ஊதியதென்று நினைத்துத்தான் சீவியிருந்தார். போன மாரியில் அந்த மூலையில் தண்ணீர் கட்டி நின்று தவளை கத்தியதையும் அக்கா நினைவூட்டினார். வாய்க்கால் மூடப்பட்டதால் காம்பிலிருந்து வடியும் மழைத் தண்ணீர் எல்லாம் எங்கள் சுவரடியில் இறங்கி, அத்திவாரத்துக்குக் கீழிருந்த மணலை அரித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு விளங்கியது. ஆனால் ஆவணி வந்துவிட்டது. "அவையள் வந்து பார்த்திட்டுப் போகட்டும். பிறகு ஆறுதலாச் செய்வம்" என்று சொல்லி, அம்மாவின் பெரிய அலுமாரியைத் தள்ளி அந்தச் சுவரை மறைத்துவிட்டார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை. தாயில்லாத இரண்டு பெண்பிள்ளைகளை வைத்திருந்தவர். அலுமாரியைத் தள்ள நானும்தான் கை கொடுத்தேன்.

மாமி வந்தார், தன் தமையனாரையும் கூட்டிக்கொண்டு. கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, "வடிவான வீடு" என்றார். பின் அறைக்கு வந்ததும் அக்கா அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"மாமி, இதுக்குப் பின்னால ஒரு வெடிப்பு இருக்கு. மூலை இறங்குது. திருத்தலாம், ஆனா இன்னும் திருத்தேல்லை. தெரியாமல் நீங்கள் ஓம் எண்டு சொல்லக் கூடாது."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. மாமி தமையனாரைக் கொண்டு அலுமாரியை இழுப்பித்து, வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுறம்" என்று விடைபெற்றார்.

ஒரு கிழமை அப்பா அக்காவோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வாங்குவார், முகத்தைப் பார்க்க மாட்டார். எட்டாம் நாள் அக்காதான் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"கலியாணம் வந்தா வரட்டும். மாரிக்கு முன்னம் இதைச் செய்யாட்டி இருக்கிறதுக்கு எங்களுக்கு வீடு இராது. உங்களுக்குத் தெரிஞ்ச மேசன் ஆரும் இருக்கினமோ?"

அப்படித்தான் கிண்ணியாவிலிருந்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் வழக்கப்படி நாங்கள் காக்கா என்று கூப்பிட்ட மேசன் வந்தார். யாட்டில் அப்பாவோடு வேலை செய்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வரக்கூடியவர். இரும்பு அலவாங்கை மூலையடியில் குத்தினார். அது வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. ஒரு சின்னக் குழி தோண்டி, அத்திவாரக் கல்லுக்குக் கீழே கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது.

"கல்லுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல மகள். இந்தச் செவரு சும்மா பொறுமையில நிக்கிது" என்றார். பிறகு, "ஆனா முதல்ல தண்ணியத் திருப்பணும். இல்லாட்டி நான் வெக்கிற கல்லும் ஒரு மாரியில போயிரும்" என்றார்.

தண்ணீரைத் திருப்ப வேண்டுமென்றால் காம்புக்குப் போக வேண்டும். அப்பாவின் இங்கிலீசையும் அக்கா பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசையும் சேர்த்து, காம்புக்குப் பொறுப்பான வெள்ளைக்காரரை எல்லை வரைக்கும் கூட்டி வந்தார்கள். அக்கா கதைப்பதை விட்டு, வாளித் தண்ணீரைக் காம்பு மேட்டில் ஊற்றினார். அது நேராக எங்கள் சுவருக்கு ஓடியது. இன்னொரு வாளி. அதுவும் ஓடியது. அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். மறுநாள் பதினான்கு வெறும் தார்ப் பீப்பாய்களும் வெட்டுவதற்கு இரண்டு ஆட்களும் வந்தார்கள். அடியையும் மூடியையும் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்திப் பழைய வாய்க்கால் வழியிலேயே புதைத்தோம். தண்ணீர் கடல் பக்கம் திரும்பியது.

கல் கிடைத்தது. சீமெந்து கிடைக்கவே இல்லை. சுண்ணாம்பு போதுமென்றார் காக்கா. அதற்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்த ஞாயிறு காலையில், வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையச் சுண்ணாம்பு. ஓட்டி வந்தவர் மாமியின் மூத்த மகன், பிறகு எங்கள் அத்தான் ஆனவர்.

"அம்மா தந்து விட்டவ" என்று அப்பாவிடம் சொன்னார். "மறைக்கிற வீட்டில சம்பந்தம் செய்தா இன்னும் என்னென்ன மறைச்சிருக்கினமோ எண்டு காலம் முழுக்கப் பயப்பிட வேணும், அந்தப் பயம் இந்த வீட்டில இல்லை எண்டு சொன்னவ."

அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். உள்ளே திரும்பி, "பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டு வா" என்று அக்காவைக் கூப்பிட்டார். ஆவணிக்குப் பிறகு அவர் அக்காவை அப்படி வாய் நிறையக் கூப்பிட்டது அன்றுதான்.

அத்தான் வண்டியை அவிழ்த்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார். வேலை இப்படித்தான்: அப்பா தென்னங்குற்றிகளால் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் விழுந்துவிடும் என்பதால், இரண்டரை அடிக்கு ஒரு குழி, அடுத்த துண்டை விட்டு அதற்கடுத்ததில் ஒரு குழி. இறுகிய மண் வரும்வரை தோண்டி, அங்கிருந்து கல்லும் சாந்துமாகக் கட்டி மேலே கொண்டுவந்து, பழைய கல்லுக்குக் கீழே சின்னக் கல்லுகளை ஆப்பாக அடித்து இறுக்குவார்கள். சாந்து இறுக ஒரு கிழமை விட்டு, அடுத்த ஞாயிறு அடுத்த துண்டு.

மூன்றாம் ஞாயிறு மூலைக் குழி. அக்கா உள்ளே நின்று புதிதாக ஒட்டிய தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் நின்றேன். திடீரென்று குழியின் பக்க மணல் பொலபொலவென்று சரிந்தது. சுவர் முனகியது. கூரையிலிருந்து ஓட்டுத் தூள் கொட்டியது.

"காக்கா, தாள் கிழியுது!" என்று அக்கா கத்தினார். அடுத்த கணம் வெளியே ஓடி வந்து, குழிக்குள் முழங்கால் வரை மணலில் நின்ற அத்தானைப் பார்த்து, "வெளியில வாங்கோ! வீடு போனா போகட்டும், வாங்கோ வெளியில!" என்றார்.

அத்தான் வரவில்லை. "கல்லைத் தாங்கோ" என்று கையை நீட்டினார். காக்கா மேலிருந்து பெரிய கல்லொன்றை உருட்டிவிட, அத்தான் அதைப் பழைய கல்லுக்குக் கீழே தள்ளித் தோளால் முட்டுக் கொடுத்தார். அப்பா ஓடிப்போய் இன்னொரு குற்றியைக் கொண்டுவந்து சுவரில் சரித்து ஆப்படித்தார். முனகல் நின்றது. காக்கா தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்து, "நிண்டிட்டு, நிண்டிட்டு. அல்லா காப்பாத்தினான்" என்றார். அத்தானை மேலே இழுக்கப் பிடித்த மணிக்கட்டைத் தன் கை இன்னும் பிடித்திருப்பதை அப்போதுதான் அக்கா கண்டு, கையை எடுத்தார். அவர்கள் இருவரும் முதல்முதல் கதைத்த கதை அதுதான். "உன்ர அக்கா என்னோட பேசின முதல் பேச்சு, வெளியில போ எண்டுறது" என்று அன்று மத்தியானமே அத்தான் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஐந்து ஞாயிறுகளில் வேலை முடிந்தது. ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியது. உடனே வெடிப்பைப் பூச அக்கா விடவில்லை. "மாரி முழுக்கப் பார்ப்பம்" என்று திரும்பவும் புதுத் தாள்களை ஒட்டினார். கார்த்திகை, மார்கழி, மழை அடித்து ஊற்றியது. தாள்கள் ஈரத்தில் சுருங்கின, நிறம் மங்கின, கிழியவில்லை. அதன்பிறகே அப்பா வெடிப்பை மூடிச் சுவருக்கு வெள்ளை அடித்தார். தையில் அந்த அறைக்கு முன்னால் பந்தல் போட்டு, விமானங்களுக்குப் பயந்து இரவில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாத காலம் என்பதால் காலைப் பொழுதிலேயே கலியாணம் நடந்தது. கூப்பன் அரிசியில் சமைத்த சோறு, சல்லியிலிருந்து வந்த மரக்கறி, பருப்பு. காக்கா தன் பிள்ளைகளோடு வந்து முன் வரிசையில் இருந்தார்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் சுவர் வெடித்தால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா தாள் ஒட்டும் கஞ்சிச் சிரட்டையோடு போவார். மயிரிழை போன்ற வெடிப்பென்றால், "பூச்சு காய்ஞ்சது, பயப்பிடாதேங்கோ" என்பார். சரிவாக ஓடி, மேலே அகன்று, கதவும் இறுகினால், தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் வளவைச் சுற்றி நடப்பார். எத்தனை வீடுகளுக்குப் போனார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

அக்காவும் அத்தானும் மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, நல்ல இடங்களில் கட்டிக் கொடுத்தார்கள். நான் இளவயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, அத்தான்தான் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அக்கா, "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்கவே இல்லை. அத்தான் காலமான பிறகும், பின்னாளைய போர்க் காலங்களில் இரண்டு முறை இடம்பெயர்ந்து திரும்பியபோதும், ஒரே வீட்டில் ஒரே குசினியில் இருந்தோம். சண்டை பிடித்ததும் உண்டு. பெரும்பாலும் உப்புக்காக.

எண்பத்தோராவது வயதில் அக்கா படுக்கையில் கிடந்தது நான்கு மாதம்தான். அந்த நாட்களில் நாள்தோறும் வந்து குளிப்பாட்டி உடுப்பு மாற்றிய பக்கத்து வீட்டு மகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் சைக்கிளில் வந்து பார்த்த டாக்குத்தர் ஐயாவுக்கும், கட்டிலைச் சன்னல் பக்கம் மாற்றிக் கொடுத்த மருமகனுக்கும், செத்த வீட்டன்று அடுப்பு மூட்டாத எங்களுக்கு மூன்று நேரமும் சாப்பாடு கொண்டுவந்த அன்புவழிபுரத்துப் பிள்ளைகளுக்கும், சல்லியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும், இன்று இங்கே கூடியிருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் சொல்லாமல் விட்டவர்கள் மனம் நோக வேண்டாம்.

கடைசி மாதத்தில் அக்காவுக்குப் பேர்கள் மறந்துபோயின. பிள்ளைகளின் பேர், என் பேர், எல்லாம். ஆனாலும் மத்தியானம் நான் கட்டிலடிக்குப் போனால் என் கையைத் தடவிப் பார்த்து, ஒரே கேள்வியைக் கேட்பார்.

"நீ சாப்பிட்டியா?"

சில நாட்களில் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். அக்காவிடம் பொய் சொல்ல வராது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்வேன்:

"ஓம் அக்கா, சாப்பிட்டன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் கண்ணை மூடுவார்.