நகலில் தெரியாத வெள்ளை மை

இந்நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் கல்லூரித் தமிழ்த்துறைக்குத் தலைமை வகித்தவன். நான் எழுதிய இலக்கணக் கையேடு இன்றும் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களின் மேசைகளில் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் ஒரு திருமண அழைப்பிதழோ குடமுழுக்கு மலரோ அச்சேறும் முன் அதன் படி என் வீட்டுக்கு வரும். சிவப்பு மையால் திருத்தி அனுப்புவேன். என் பெயர் தாங்கிய கட்டுரையில் பிழை இராது என்று பலர் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

நான் ஓய்வுபெற்ற நான்காம் ஆண்டில் கல்லூரி என்னை மீண்டும் அழைத்தது. வெகுமக்கள் பண்பாட்டைப் பற்றி, குறிப்பாகத் தமிழ்ச் சித்திரக்கதைகளைப் பற்றி, ஒரு விருப்பப் பாடம் வகுத்துத் தர வேண்டும் என்றார்கள். இளம் விரிவுரையாளர்கள் தயங்கினார்கள். ஒப்பந்தத்தில் பணிபுரிகிறவர்களுக்கு மூத்தோரின் பகை ஆகாது. எனக்கோ இழப்பதற்குப் பதவி இல்லை. மேலும், நான் அதுவரை எங்கும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பாடநூலில் அன்று, சித்திரக்கதையில். அதை வைத்துக் கற்றவன், அது கற்கத் தகாதது என்று கூறுவது நேர்மையாகாது. ஒப்புக்கொண்டேன்.

செய்தி பரவிய மறுநாளே பாடத்திட்டக் குழுவின் மூத்த உறுப்பினர் தொலைபேசியில் அழைத்தார். அவர் இலக்கணப் பேராசிரியர், என் காலத்தவர்.

"என்னங்க, கேள்விப்பட்டது உண்மையா? பொம்மைப் புத்தகத்துக்குப் பாடத்திட்டமா?"

"உண்மைதான்."

"பரீட்சையில என்ன கேப்பீங்க? திருடன் போட்டிருந்த சட்டை என்ன கலருன்னா?"

"கேட்டாலும் கேப்பேன். பக்கத்துக்குப் பக்கம் சட்டை கலர் மாறுது. ஏன்னு சொல்றவனுக்கு முழு மார்க்கு."

அவர் சிரித்தார். "சரி சரி, ஓட்டெடுப்புல பாத்துக்கலாம்லா" என்று வைத்துவிட்டார். அவர் கைக்குக் குறைந்தது இரண்டு கைகள் கூடவே உயரும் என்பதை நான் அறிவேன். ஆகவே பாடத்திற்கு அசைக்க முடியாத சான்று ஒன்று வேண்டியிருந்தது.

அது கிடைத்ததாகவே நினைத்தேன். சுங்கை பினாங்கில் பல ஆண்டுகள் முடிதிருத்தகம் நடத்தியவர் ஒருவர், காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்காக வாங்கிய சித்திரக்கதைகளை இன்னும் வைத்திருக்கிறார் என்று அறிந்தேன். கடையை மூடிவிட்டு, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் மகன் குடும்பத்தோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். நான் அழைத்து, சில பக்கங்களை நகலெடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு வாரத்தில் தடித்த உறை வந்தது. அதில் ஒரு துப்பறிவாளன் கதை, நாற்பது பக்கம், அட்டையும் பதிப்பு விவரமும் இல்லை. ஆனால் துப்பறிவாளன் பேசியது நம் ஊர்ப் பேச்சு; சந்தை அதில் பாசார், சொல்லின் வாலில் ஒரு லா. கள்ளக்கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டே, "டேய், ஓடாதலா! பாசார் பக்கம் போலீஸ் நிக்குது!" என்றான். எழுத்துகள் ஒழுங்காகவும் உருண்டையாகவும் பேச்சுக் குமிழிகளுக்குள் நிறைந்திருந்தன.

"அட்டை இருக்குங்களா?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"அட்டையா? எத்தனை பேரு கை பட்டது சார், அதெல்லாம் எப்பவோ பிஞ்சு போச்சு."

"எந்த அச்சகம்னு ஞாபகம் இருக்கா?"

"தெரியலையே சார். மொத்தமா வாங்குனது."

மலேசிய வாசகருக்கென்றே இங்கு ஒரு சித்திரக்கதைப் பதிப்பு இருந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். அதை இலக்கியக் கழகத்தின் ஆண்டுமலரில் பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக எழுதினேன். தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கத்தில் அதைப் பாராட்டியது. பாடத்தின் முதல் நான்கு வாரங்களை அந்தப் பதிப்பின்மீதே கட்டினேன்.

முப்பத்தோர் ஆண்டுகளும் ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளிலும் நான் சொன்ன விதி ஒன்றுதான்: மூலத்தைக் கண்ணால் காணாமல் மேற்கோள் காட்டாதீர்கள். படியெடுத்தவன் விட்டதையும் சேர்த்ததையும் படி சொல்லாது என்பேன். நான் ஏன் பாகான் டாலாமுக்குப் போகவில்லை? தொலைவு காரணமன்று, படகில் கால்மணி நேரம். முடிதிருத்துகிறவர் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழைய சித்திரக்கதைகளைப் புரட்டுவது என் நிலைக்கு ஏற்றதாக எனக்குப் படவில்லை. இதற்கு மேல் விளக்கம் இல்லை.

வாக்கெடுப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மூலத்தின் வண்ணப் படங்களைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று குழு கேட்டது. வேறு வழியின்றிப் படகேறினேன். முடிதிருத்துகிறவர் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்; முடி மட்டும் என்னுடையதைவிடக் கருப்பு. பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

துப்பறிவாளன் கதையை எடுத்து, வெளிச்சத்துக்காகச் சன்னலருகே பிடித்தேன். ஒவ்வொரு பேச்சுக் குமிழியும் தாளிலிருந்து சற்றே மேடிட்டிருந்தது. விரலால் தடவினேன். நகத்தோடு வெள்ளைப் பொருக்கு ஒன்று உதிர்ந்தது. அதன் அடியில் அச்செழுத்து தெரிந்தது: "கயவனே, தப்பிச் செல்ல எண்ணாதே."

நூலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"இது... இதுக்கு மேல யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"நீங்களா? எல்லாத்தையுமா?"

"ஆமாம். டைப்பு தப்பானா அழிப்பாங்களே, அந்த வெள்ளை மை. அதைப் பூசிக் காய வச்சு, மேல கறுப்புப் பேனாவுல எழுதுறது. கோயில் போர்டு எழுதுறதும் நான்தானே, கை நல்லா ஓடும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

"நீங்க சொல்லவே இல்லையே!"

"நீங்க எங்க கேட்டீங்க? எந்த அச்சகம்னு கேட்டீங்க, அட்டை இருக்கான்னு கேட்டீங்க. பெரிய படிப்பு படிச்சவரு, பாத்ததும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

உள்ளிருந்து அவருடைய மருமகள் தேநீர் கொண்டுவந்தார். "மாமா, அதைக் கிறுக்காதீங்கன்னு அத்தை அப்பவே சொல்லுவாங்களாம்" என்றார். "கிறுக்கலா இது? பாரு, சார் எழுதினது பேப்பர்லயே வந்திருக்கு" என்று அவர் பெருமையோடு என் கட்டுரையைப் பாராட்டிய நாளிதழ்த் துண்டைக் காட்டினார். அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

திரும்பும் படகில் என் முன் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நகலில் வெள்ளை மை தெரியாது. முதல் நான்கு வாரங்களை வேறொரு காரணம் கூறி நீக்கிவிடலாம், பாடமும் நிறைவேறக்கூடும். சொன்னாலோ, என் கட்டுரை பொய்யாகும், இலக்கணப் பேராசிரியருக்கு வேண்டியது கிடைத்துவிடும், பாடம் அன்றே வீழும். மறைத்து நிறைவேறும் பாடம் எனக்கு வேண்டியதில்லை. சொல்லித் தோற்கவும் எனக்கு எண்ணமில்லை. இறங்கும் முன்பே இரண்டையும் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரத்தில் நான்குமுறை பாகான் டாலாம் சென்று தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது, பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு குமிழியையும் இரண்டு பத்தியாகப் படியெடுத்தேன். ஒரு பத்தியில் வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்த அச்சு வாசகம். மறுபத்தியில் அதன்மேல் அவர் எழுதியது. எங்கே மாற்றினார், எங்கே மாற்றவில்லை என்பது தெளிவாகியது. தாய் பேசும் இடங்களை அவர் தொடவேயில்லை. திருடன் அஞ்சும் இடங்களையெல்லாம் மாற்றியிருந்தார். ஒரு வாசகர் கூட்டம் தன் கையிலிருந்த கதையைத் தனக்கேற்ப எழுதிக்கொண்டதற்கு இதைவிடத் துல்லியமான சான்றை நான் கண்டதில்லை. முதல் நான்கு வாரங்களைத் திரும்ப எழுதினேன்.

குழு கூடிய நாளில் அவரையும் உடன் அழைத்துச் சென்றேன். நூலை அவர் தம் கையை விட்டுத் தரமாட்டார் என்பது ஒரு காரணம். தேய்த்த சட்டையும் பிஸ்கட் டின்னுமாக என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். தலைவர் என்னைப் பேசச் சொன்னார். எழுந்து நின்றேன்.

"ஆண்டுமலரில் நான் எழுதியது தவறு. அப்படி ஒரு மலேசியப் பதிப்பு இல்லை. மூலத்தைப் பார்க்காமல் எழுதினேன்."

 இலக்கணப் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இந்த நாலு வாரம் என்ன ஆகும்? காத்துல நிக்குமா?"

"புதுசா எழுதின பக்கங்கள் உங்க முன்னாலதான் இருக்கு. படிச்சுட்டுக் கேளுங்க."

அவர் படித்தார். அந்த நேர்மை அவரிடம் உண்டு. பத்து நிமிடம் கழித்து, என்னை விட்டுவிட்டு என் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"நீங்கதான் எழுதுனீங்களா? நல்ல தமிழ்ல இருந்ததை ஏன் அழிச்சீங்க?"

முடிதிருத்துகிறவர் என்னைப் பார்த்தார். "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"எங்க கடையில சத்தமா வாசிப்போம் சார். ஒருத்தருக்கு முடி வெட்டுறேன், இன்னொருத்தரு வாசிப்பாரு. திருடன் கத்தியோட ஓடுறான், துப்பறியுறவரு பின்னால நின்னு 'கயவனே, தப்பிச் செல்ல எண்ணாதே'ங்கறாரு. இவரு அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் அக்கரையில பட்டர்வொர்த்துக்கே போய்ச் சேந்திருப்பான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சிரிக்கிற எடமா அது? பயப்படுற எடம். அதான் மாத்தினேன்."

தலைவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். இலக்கணப் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பத்திகளையும் மறுபடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா பேசுறதை மட்டும் விட்டுட்டீங்களே?" என்று கேட்டார். "அது நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார் அண்ணன்.

வாக்கெடுப்பில் பாடம் நிறைவேறியது. இலக்கணப் பேராசிரியர் எதிர்த்தே கை தூக்கினார். அவரோடு இன்னொருவர் மட்டுமே தூக்கினார்.

இப்பொழுது பாடம் மூன்றாம் பருவத்தில் நடக்கிறது. அன்று அறையில் இல்லாத சிலர், இதைப் பற்றி வேறு விதமாகப் பேசியும் எழுதியும் வருகிறார்கள். முடிதிருத்துகிறவர் ஒருவர் குழுவின் முன் என் தவற்றை அம்பலப்படுத்தினார் என்றும், திருத்தம் வெளியிட வேண்டும் என்று குழு என்னைக் கட்டாயப்படுத்திய பிறகே பாடத்தை அனுமதித்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. அவரை அழைத்துச் சென்றவன் நான். தவற்றை முதலில் சொன்னவனும் நான். குழு எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. என் திருத்தக் குறிப்பு, குழு கூடுவதற்கு முந்தைய நாள் காலையிலேயே ஆண்டுமலர் ஆசிரியரிடம் என் கையால் கொடுக்கப்பட்டது.