சிரித்துக் காட்டுங்கோ

காலையில் எழும்பியதும் என் மனுசனைச் சிரிக்கச் சொல்லுவேன். பிறகு இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொல்லுவேன். ஒஸ்லோவில் எங்கள் பக்கத்து வீட்டு நோர்வேக்காரி இதைச் சன்னலால் பார்த்துவிட்டு, யோகாவாக்கும் என்று நினைத்துத் தானும் வரலாமோ என்று கேட்டாள். வாங்கோ என்றேன். வேறென்னத்தைச் சொல்ல? வாய் கோணுதோ, கை விழுகுதோ என்று பார்க்கிற பயத்தை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துகிறது?

போன மாரியில் குசினிக் கதிரையில் இருந்தபடியே அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. தேத்தண்ணிக் கோப்பை கையால் நழுவி விழுந்தது. நான் முதலில் யாரைக் கூப்பிட்டேன் தெரியுமோ? நயினாதீவில் இருக்கிற அவருடைய தமையனை. காணி வாங்கினாலும் பிள்ளைக்குப் பேர் வைத்தாலும் அண்ணையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்காது. அந்தப் பழக்கத்தில் கை தன்பாட்டில் அவருடைய நம்பரை அழுத்திவிட்டது. அண்ணை அதட்டினார். "எனக்கேன் எடுக்கிறீர்? அம்புலன்ஸுக்கு அடியும்."

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் வந்து, இது பாரிசவாதம் என்று சொன்னாள். தொடையடியில் சின்னத் துவாரம் போட்டு, இரத்தக் குழாய்க்குள்ளால் மெல்லிய கம்பி விட்டு, மூளையில் அடைத்திருக்கிற இரத்தக் கட்டியை இழுத்து எடுப்பார்களாம். தலையை வெட்டத் தேவையில்லையாம். ஆனால் இரத்தம் கசியலாம், சரிவராமலும் போகலாம், செய்யாமல் விட்டால் இன்னும் மோசம். உயிர் தப்புமோ என்று கேட்டேன். உறுதி தர ஏலாது என்றாள். ஊர் டொக்டர் என்றால் பயப்பிடாதேங்கோ அம்மா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார். சரி, செய்யுங்கோ என்றேன். பிறகு அவள் வெளியே வந்து பேசாமல் என் தோளைத் தொட்டதும், எல்லாம் முடிந்தது என்று குழறி அழத் தொடங்கினேன். பாவம், அவள் திகைத்துப்போய், கட்டி வெளியே வந்துவிட்டது, வந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் நடந்துதான் வீட்டுக்கு வந்தார். வலது கையில் கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். பயம் என்னோடு தங்கிவிட்டது.

போன ஞாயிறு அண்ணை வீடியோவில் வந்து திருவிழாக் கதை சொல்லிச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. "அண்ணை, ரண்டு கையையும் தூக்குங்கோ" என்றேன். தம்பி பெண்சாதி தனக்குக் கட்டளை போடுகிறாளோ என்று முறைத்தார். என்றாலும் தூக்கினார். இடது கை மெல்ல இறங்கியது. களைப்பாக்கும், ஒரு கோப்பி குடித்தால் சரி என்று அவருடைய மனுசி எழும்பினா. ஒன்றும் குடுக்காதேங்கோ, படகைப் பிடியுங்கோ என்று என் மனுசன் கத்தினார்.

கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கிற காலம். படகு அக்கரையில் குறிகட்டுவான் துறைக்குப் போகவேணும், அங்கேயிருந்து வாகனத்தில் யாழ்ப்பாணம். போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கம்பி விடுகிற ஆள் அங்கே இருப்பாரோ, அப்போது யாருக்குத் தெரியும்? அண்ணை இப்போது அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். பேச்சு இன்னும் தெளியவில்லை.

அவர்கள் படகுக்கு ஓடின அந்த நேரம் நான் சும்மா நிற்க ஏலாமல் மற்றப் ஃபோனை எடுத்தேன். இந்தமுறை கை பிழைக்கவில்லை, நேரே அம்புலன்ஸுக்கு அடித்தது. ஒரு பெண் அமைதியாக விலாசத்தைக் கேட்டாள். நயினாதீவு, அம்மன் கோயிலுக்குக் கிழக்குப் பக்கம் என்றேன். அது ஒஸ்லோவில் எந்த இடம் என்று கேட்டாள்.