மொட்டைமாடியில் காய்ந்த பிஸ்கட்

என் அண்ணி மலர்க்கொடி வேதியியல் படித்தவர். முதல் வகுப்பில் தேறியவர். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டில் ஏழு வருடமாக ஒருவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 2004இல் என் அண்ணன் செந்தமிழ்செல்வனைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாக "மலரு, காபி", "மலரு, என் சட்டை எங்க?" இவ்வளவுதான். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் பாய்லர் சூட்டில் வெந்த அவர் அப்பா தன் பெண்ணைப் பட்டம் படிக்க வைத்தது எங்கள் வீட்டுக்குக் காபி போடவா? இப்படிக் கேட்டால் என் அம்மா ரத்தினம்மாளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அண்ணன் ஒரு சமயம் கோழி சுடப்போகிறேன் என்று மின்சார ஓவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுட்டான். மூன்றாவது ஞாயிறு அது மாத்திரை அட்டையும் பழைய கரண்ட் பில்லும் போட்டு வைக்கும் பெட்டியாகிவிட்டது. அதை ஒருநாள் காலிசெய்து துடைத்து மறுபடி சூடேற்றியவர் அண்ணிதான்.

பக்கத்து வீட்டு ராபர்ட் சாரின் மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு பிஸ்கட் செய்முறை எழுதி அனுப்பியிருந்தாள். மாவை உருட்டி, பட்டைப்பொடியும் சர்க்கரையும் கலந்த தட்டில் புரட்டிச் சுட வேண்டும். மேலே வெடிப்பு விட்டிருக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். ஆனால் அதில் ஏதோ ஒரு புளிப்புப் பொடி கேட்டிருந்தது. கடலூர் முழுக்க அலைந்தும் கிடைக்காமல் ராபர்ட் சார் வீட்டில் கைவிட்டுவிட்டார்கள். அண்ணி அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"இது நம்ம புளியில இருக்கிற ஆசிட்டோட உப்புதான் சார். இதுக்கு எதுக்குக் கடை கடையா ஏறி எறங்குனீங்க?"

கெட்டியான புளித்தண்ணீர் ரெண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. ஈரத்தைப் பிடித்து வைக்குமென்று நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த நாட்டுச் சர்க்கரை. ஓவனுக்குள் பதினோரு நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. எடுக்கும்போது வேகாததுபோல்தான் இருக்கும், சூடான தட்டிலேயே விட்டால் தானாகப் பதத்துக்கு வந்துவிடும். இதையெல்லாம் ஒரு கோடுபோட்ட நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். ஆறு தடவை தப்பாகி ஏழாவது தடவைதான் சரியாக வந்ததாம். அந்த ஆறு தடவையும் வீட்டில் கிண்டல் பண்ணியவர்களுக்கு ஏழாவதை ருசிபார்க்கப் பொறுமை இல்லை.

2011 பொங்கலுக்குப் போனபோது எனக்கு ஒன்று கொடுத்தார். விரலில் அமுங்கியது. "டப்பாவ சரியா மூடலியா அண்ணி? நமுத்துப் போச்சே" என்றேன். நம் ஊரில் பிஸ்கட் என்றால் கடித்தால் சத்தம் கேட்க வேண்டும், டீயில் முக்கினால் விழாமல் நிற்க வேண்டும். அமுங்கினால் அது பழசு. என் புத்தியும் அவ்வளவுதான்.

"நமுக்கல லேகா. இது இப்படித்தான். கண்ண மூடிக்கிட்டு வாயில போடு."

போட்டேன். ஐந்து தின்றேன். என் மகள் சிந்துஜா ஒன்பது தின்றுவிட்டு, "அத்தை, எனக்கு ஏதாவது விசேஷம்னா இதான் செய்யணும்" என்றாள்.

அந்த விசேஷம் வைகாசியிலேயே வந்தது. சிதம்பரத்தில் என் புகுந்த வீட்டார் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் சீராக இருபத்தொரு தட்டு கடலூரிலிருந்து வர வேண்டும். அண்ணி அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடத்தில் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "அத்தே, ஒரு தட்டு மட்டும் என் கையால செஞ்சதா இருக்கட்டும். குழந்தை கேட்டிருக்கா." அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே தலையாட்டினாள்.

நூற்றியொரு பிஸ்கட். ஒரு தடவைக்குப் பன்னிரண்டுதான் சுட முடியும். அப்போது பகலில் மூன்று மணி நேரம் மின்வெட்டு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டு, அக்னி நட்சத்திர வெயிலில், காற்றாடியும் இல்லாத அடுப்படியில் இரண்டு நாள் நின்றிருக்கிறார்.

இனி மண்டபத்தில் என் கண்ணால் பார்த்தது. வழக்கப்படி சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கிப் பார்த்தார்கள். என் மாமியார் இருசம்மாள் பிஸ்கட் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா சம்பந்தி, சீர்ல கருங்கல்ல வச்சிருக்கீங்க? எனக்கு இருக்கறதே பத்துப் பல்லு!"

மண்டபமே சிரித்தது. என் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

"எனக்கென்ன தெரியும் சம்பந்தி? மருமவ படிச்சவ. அவதான் செஞ்சா."

ஏழு வருடம் கழித்து அண்ணியின் படிப்பு எங்கள் வீட்டார் வாயில் வந்தது, பழியைச் சுமத்த! எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார். அந்தப் பதினோரு நிமிடக் கணக்கில் எங்கே பிசகியது என்று தனக்குள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெண்ணெய் உருகி வெளியே கசிந்து, அப்படியே இறுகிக் கிடந்தது. அடியில் ஒரு பச்சை நூல் ஒட்டியிருந்தது. அப்பாவின் பழைய வேட்டிக் கரை. வருடா வருடம் மே மாதம் மொட்டைமாடியில் அம்மா வத்தல் காயவைக்கும் வேட்டி.

அம்மாவின் கையைப் பிடித்துச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணியும் பின்னாலேயே வந்தார்.

"பிஸ்கட்ட வெயில்ல காயவச்சியா?"

"ஆமாண்டி. இவ பூவும் சாமானும் வாங்க விடியறப்பவே முதுநகர் போனவ, விளக்கு வச்சுத்தான் வந்தா. தொட்டுப் பாத்தேன், எல்லாம் நமுத்துக் கெடந்துது. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மாடியில போட்டு, நானே எடுத்துத் தட்டுல அடுக்கிக் கட்டுனேன். சம்பந்தி வூட்ல மானம் போவக் கூடாதுல்ல?"

"செஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டியா? ரெண்டு நாளு வெந்துருக்காங்க, அவுங்க உனக்கு மனுசியா தெரியலியா?" கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன்.

அம்மா அசரவில்லை. "எங்கிட்ட ஏன் குதிக்கிற? நீதானடி போன் பண்ண. 'அண்ணி பிஸ்கட்டு நமுத்தாப்ல இருக்கும்மா, என் மாமியா ஜாஸ்தி பேசும், மொறுமொறுன்னு இருக்கற மாதிரி பாத்துக்க'ன்னு நீ சொல்லல?"

சொன்னேன். ஐந்து தின்ற அதே வாயால் சொன்னேன். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தே சொன்னேன். அண்ணி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நலங்குக்கு நேரமாச்சு, லேகா" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே போனார். அதன் பிறகு ஒரு வருடம் செம்மண்டலம் போனால் எனக்குக் காபி வரும், "நல்லா இருக்கியா" வரும். பிஸ்கட் வராது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அண்ணன் அதற்குள் அந்தக் கருங்கல் கதையைச் சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லிச் சிரித்து முடித்திருந்தான். அதை மறுத்து நான் ஓரிடத்திலும் பேசவில்லை.

2012 கோடை விடுமுறைக்குக் கடலூர் போன சிந்துஜா ஒரு டப்பாவோடு திரும்பி வந்தாள். மூடியின் மேல் அண்ணியின் குண்டு எழுத்தில் ஒரு சீட்டு: 'சிந்துஜாவுக்கு. வெயிலில் வைக்க வேண்டாம்.'

மாமியார் ஒன்றை எடுத்து, முதலில் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"பஞ்சு மாதிரி கீதே. யார் செஞ்சது?"

"அண்ணிதான்."

"இவ்ளோ பக்குவமா செய்யறவ, அன்னிக்கு மட்டும் ஏன் அப்படிக் கல்லாட்டம் செஞ்சா?"

"அன்னிக்கும் இப்படித்தான் செஞ்சாங்க, அத்தே. எங்கம்மா வெயில்ல போட்டுக் காயவச்சாங்க. அதுக்குக் காரணம் நான்தான்."

"நீயா? ஏண்டி அப்படிப் பண்ண?"

"உங்க வாய்க்குப் பயந்து."

மாமியார் மூன்றாவதற்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.